மோட்டார் சுவிட்சை விட்டுவையுங்கள்

திருவல்லிக்கேணி வீடு ஒன்றின் ஏழு குடித்தனங்களுக்குப் பின்கட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

முன்கட்டிலும் ரேழி அறையிலும் முதல் மாடியிலும் மொட்டை மாடியிலும் குடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

மூடிய கிணற்றுக்கு எதிரே இருக்கும் பின்கட்டுப் போர்ஷன்காரி எழுதுகிறேன். என் பெயர் உங்களில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கலாம். ‘மோட்டார் அம்மா’ என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை வைத்தது யாரென்று எனக்குத் தெரியாது. “மோட்டார் அம்மா இன்னும் தண்ணீர் ஏற்றவில்லை” என்று செல்போனில் சொல்லிக்கொண்டே ஒருவர் படியிறங்கிப் போனபோதுதான் எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரிந்தது. கோபம் வரவில்லை. அச்சகத்தில் 29 ஆண்டுகள் பிழை திருத்தினேன். அங்கே எனக்கு ‘ஒற்றெழுத்து’ என்று பெயர். அதற்கு இது தேவலை.

இதை மீட்டர் பலகைக்குக் கீழே ஒட்டியிருக்கலாம். அங்கே ஒட்டிய எதையும் யாரும் படிப்பதில்லை. கேஸ் ஏஜென்சியின் அறிவிப்பு இரண்டு தீபாவளியாக அங்கே காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் போடலாமென்றால், இவ்வளவு நீளத்துக்குப் போட்டால் நீங்கள் குழுவை விட்டே போய்விடுவீர்கள். மேலும் இது நம் வீட்டுக்கு மட்டும் உரிய விஷயமில்லை. இந்தத் தெருவில் மட்டும் நம்மைப் போலப் பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

வீட்டுக்கு 400 ரூபாய் வீதம் 3,200 ரூபாய் சேர்த்து ஒரு கருவி வாங்குவதென்று குழுவில் முடிவாகியிருக்கிறது. தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானே நிறுத்தும், காலியானால் தானே ஓடவிடும். ஏழு வீட்டுக்காரர்களும் கட்டைவிரலை உயர்த்திவிட்டீர்கள். எட்டாவது கட்டைவிரல் என்னுடையது. அதைத் தருவதாக இல்லை.

காரணம் சொல்வதற்கு முன், அந்த ஆடிச் செவ்வாயன்று நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆளுக்கொரு துண்டாகத்தான் கேட்டிருப்பீர்கள்.

காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்ப முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் குளித்துவிடலாம் என்று உள்ளே போனேன். சீயக்காய்த் தண்ணீரில் கால் வழுக்கி விழுந்தேன். இடுப்பு தரையில் மோதிய சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம்தான் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. எழ முடியவில்லை. கதவின் கொக்கி கைக்கு எட்டவில்லை. தரையில் கிடந்து பார்த்தால் தினமும் குளிக்கிற இடம்கூட வேறு யாருடைய வீடு போலவோ இருக்கிறது. பிளாஸ்டிக் வாளியின் அடியில், சூடு காட்டி இழுத்து அடைத்த ஓர் ஓட்டை தெரிந்தது. என் கணவர் அடைத்தது. அவர் போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன. வாளி இன்னும் ஒழுகவில்லை.

வென்டிலேட்டர் வழியாக நீங்கள் எல்லோரும் உள்ளே வந்தீர்கள். முதல் மாடியில் குக்கர் மூன்று விசில் விட்டது. நர்சிங் படிக்கும் பெண்களின் அலாரம் அடித்து அடித்து ஓய்ந்தது. முன்கட்டில் சுப்ரபாதம். யாரோ கடுகு தாளித்துப் பெருங்காயத்தைக் கொஞ்சம் அதிகமாகவே போட்டார்கள். உங்கள் சத்தம் எனக்கு இறங்கி வந்தது, என் சத்தம் உங்களுக்கு ஏறவில்லை. “யாராவது இருக்கிறீர்களா?” என்று கத்தினேன். கத்திய பிறகு அந்த வாக்கியமே பிழையாகப் பட்டது. எல்லோரும்தான் இருந்தீர்கள். ஏழு கதவுகளுக்குப் பின்னால் அன்று காலை 22 பேர். படுக்கையில் கிடந்த நாட்களில் எண்ணிப் பார்த்தேன்.

தொட்டி நிரம்பியது. நிறுத்த ஆளில்லாமல் வழிந்தது. வழிந்த தண்ணீர் மொட்டை மாடியில் தேங்கி, தூம்பு வழியாக முற்றத்தில் கொட்டி, உணவு டெலிவரி செய்யும் தம்பியின் பைக் சீட்டை நனைத்தது. “மோட்டாரை அணைக்கக்கூட இந்த வீட்டில் ஆளில்லையா?” என்று திட்டிக்கொண்டே அவர் இறங்கி வந்தார். வீட்டுக்கு வந்து 14 மாதங்களாகியும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தேடிக் கண்டுபிடித்து அணைத்தார். இரைச்சல் நின்றது. அவர் நின்ற இடத்துக்கும் நான் கிடந்த இடத்துக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான்.

என் குரல் அவருக்குக் கேட்டுவிட்டது. குளியலறைக் கதவை இடித்துத் திறக்கப்போகிறேன் என்று சொன்னவர் ஒரு நொடி நின்றார். “இருங்கள் அம்மா, பெண்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வருகிறேன்” என்று மாடிக்கு ஓடினார். அந்தத் தம்பிக்கு 24 வயது இருக்குமா? அந்த ஒரு நொடிக்காக அவருடைய தாயாரை நான் ஒருமுறை பார்க்க வேண்டும். கூட்டி வந்தது பாய் வீட்டு அம்மாவை. மூன்று ஆண்டுகளில் அவரும் நானும் பேசியதெல்லாம் துணிக்கொடியில் யாருடைய கிளிப் என்பதைப் பற்றி மட்டும்தான். கொக்கி பெயர்ந்து கதவு கையளவு திறந்ததும் முதலில் அவருடைய கை மட்டும் உள்ளே வந்தது. மாவு ஒட்டிய விரல்கள். அவற்றில் மடித்த ஒரு துப்பட்டா.

எலும்பில் மயிரிழை விரிசல் என்றார்கள். மூன்று வாரம் படுக்கை.

செய்தி கேட்டுக் கோயம்புத்தூரிலிருந்து ஓடிவந்த என் மகள் இரண்டு காரியங்கள் செய்தாள். முதியோருக்கான உதவி எண்ணை என் செல்போனில் பதிந்து கொடுத்தாள்: 14567. நல்ல எண்தான், நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை பேசுவார்கள். நான் விழுந்தது ஆறேகாலுக்கு. செல்போன் இருந்ததோ அடுப்பு மேடையில். இரண்டாவதாக, அவளுடைய ஊர்ப்பக்கம் வயதானவர்களுக்கென்றே கட்டியிருக்கும் குடியிருப்பு ஒன்றின் வண்ணப் புத்தகத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனாள். தோட்டம், யோகா கூடம், கட்டில் பக்கத்தில் சிவப்புப் பொத்தான். அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் ஆள் வருமாம். புத்தகம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது; தூக்கிப் போடவில்லை. நான் ஒன்றும் வீராங்கனை இல்லை.

படுத்திருந்த மூன்று வாரத்தில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். முதல் இரண்டு நாள் மோட்டாரை யாருமே போடவில்லை. மேலே குழாய்கள் காற்றை ஊதின. கேன் தண்ணீர் வாங்கிக் குளித்தவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் டெலிவரித் தம்பி போட்டார், அணைக்க மறந்துவிட்டார். நான்காம் நாள் முதல் மாடிப் பொறியாளர் தம்பி வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினார். குழு ஒரு பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நீங்கள் ஒவ்வொருவராக என் வாசலுக்கு வந்தீர்கள். பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஏன் பிடிக்கவில்லை, எவ்வளவு நேரம் ஓட வேண்டும், கரகரவென்று சத்தம் வந்தால் என்ன செய்வது. கேட்க வந்தது மோட்டாரைப் பற்றி. ஆனால் நிலைப்படியில் நின்ற யாரும் “வலி எப்படி இருக்கிறது?” என்று கேட்காமல் போகவில்லை. மொட்டை மாடி பீகார் பிள்ளைகளில் ஒருவர் தமிழும் இந்தியும் போதாமல் கையாலேயே மோட்டாரைச் சுற்றிக் காட்டிக் கேட்டார். போகும்போது தன் இடுப்பைத் தட்டிக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். அதையும்விடச் சுத்தமான வாக்கியத்தை 29 ஆண்டுகளில் நான் புரூஃபில் பார்த்ததில்லை.

என் கணவர் இறந்த பிறகான எட்டு ஆண்டுகளில் அந்த நிலைப்படிக்கு வந்தவர்களைவிட அந்த மூன்று வாரத்தில் வந்தவர்கள் அதிகம். அந்தப் போக்குவரத்தைத்தான் 3,200 ரூபாய் கொடுத்து நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

பழைய காலம் பொற்காலம் என்று பாடப்போகிறேன் என நினைத்துவிடாதீர்கள். 1991-ல் நான் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது இங்கே ஒன்பது குடித்தனங்கள், இரண்டு கழிப்பறைகள், கூரையில்லாத ஒரே குளியலறை. நான்கு மணிக்கு எழுந்தால் வரிசையில் மூன்றாவது ஆளாக நிற்கலாம். ஐந்துக்கு எழுந்தால் அந்த நாளே போயிற்று. வீட்டுக்கார அம்மாள் முன்கட்டில் இருந்தார். இரவு பத்து மணிக்கு மெயினை இறக்கிவிடுவார். புதிதாகக் குடிவர விரும்புகிறவர்களிடம் என்ன ஆட்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்று திண்ணையிலேயே கேட்டு, பதில் பிடிக்காவிட்டால் வீடு முடிந்துவிட்டது என்பார். முடியவே இல்லாத வீடு அது. பல மாதங்கள் பூட்டிக் கிடந்தது. பாய் வீட்டு அம்மா அன்றைக்கு வந்திருந்தால் இந்தப் படியேறியிருக்க முடியாது. அப்படியிருந்தால் ஆடிச் செவ்வாயன்று கதவிடுக்கில் அந்தக் கை எங்கிருந்து வந்திருக்கும் என்று இரவில் யோசிப்பதுண்டு.

எனக்கு ஆறு ஆண்டுகள் குழந்தை இல்லை. அது எனக்கும் என் கணவருக்கும் மட்டும் தெரிந்த செய்தியாக ஒரு நாள்கூட இருந்ததில்லை. கிணற்றடியில் என் நாட்களை எனக்கு முன்பே எண்ணி வைத்திருந்தார்கள். எந்தக் கோயில், எந்த டாக்டர், எந்த லேகியம் என்று இறைக்கிற ஒவ்வொரு வாளிக்கும் ஓர் ஆலோசனை. அப்போதெல்லாம் நான் வேண்டிக்கொண்டது குழந்தைகூட இல்லை. தனிக் குழாயும் தாழ்ப்பாள் போட்ட குளியலறையும் வேண்டும் என்றுதான் பார்த்தசாரதியிடம் கேட்டேன். இரண்டையுமே கொடுத்தார், கொஞ்சம் தாமதமாக.

‘ஒண்டுக் குடித்தனம்’ என்ற சொல்லை நான் எத்தனையோ கதைகளில் திருத்தியிருக்கிறேன். ஒண்டுவது என்றால் மழைக்கு ஒதுங்கி நிற்பது, இடமில்லாத இடத்தில் உடம்பைக் குறுக்கிக்கொள்வது. சொல்லிலேயே கொஞ்சம் அவமானம் இருக்கிறது. ஆனால் ‘அண்டை’ என்ற சொல்லும் பக்கத்தில்தான் நிற்கிறது. அண்டுவது என்றால் நெருங்குவது. நாங்கள் ஒண்டியிருந்தோம், அண்டியும் இருந்தோம். இப்போது எட்டுப் போர்ஷனுக்கும் தனித்தனிக் குளியலறை, தனித்தனி இரும்புக் கேட், தனித்தனி மீட்டர். ஒண்டல் தீர்ந்தது. போகிற போக்கில் அண்டலையும் சேர்த்துத் துடைத்துவிட்டோம்.

கிணறு இருந்தவரை முறை இருந்தது. கயிறு ஒன்று, ராட்டினம் ஒன்று, ஆளுக்கு ஆறு வாளி. பிடிக்காதவளும் எனக்கு அடுத்து நிற்பாள், நான் இறைத்த கயிற்றைத்தான் பிடிப்பாள். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது வீட்டுக்காரர் வேண்டா வெறுப்பாகக் குழி வெட்டினார். அதற்கு முந்தைய வறட்சியில் அடி தெரிந்த கிணறு 2005 மழையில் குனிந்து மொள்ளும் அளவுக்கு ஏறியது. 2009-ல் பைக் நிறுத்த இடம் போதவில்லை என்று அதன்மேல் சிமெண்ட் பலகை போட்டு மூடினார்கள். ஓர் ஆள் கை விடும் அளவுக்கு இரும்பு மூடி மட்டும் மிச்சம்.

அந்த மூடி ஒரே ஒருமுறை திறந்தது. 2015 டிசம்பர் வெள்ளம். வெள்ளம் நம் வீட்டுக்குள் வரவில்லை. மின்சாரம் நான்கு நாள் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை, மோட்டார் ஓடவில்லை. இரண்டாம் நாள் மதியம் முன்கட்டுத் தையல்காரர் கடப்பாரையால் மூடியை நெம்பினார். துணிக்கொடியை அவிழ்த்து முறுக்கிக் கயிறாக்கினோம். சின்ன வாளிதான் உள்ளே போகும், அதனால் வரிசை நீண்டது. வரிசை நீண்டதால் பேச்சும் நீண்டது. அப்போது மாடியில் இருந்த மலையாள நர்ஸ் ஒருவர், மூன்று ஆண்டுகளாக நம் வீட்டில் இருந்தவர், அன்றைக்குத்தான் எனக்குத் தன் பெயரைச் சொன்னார். என் கணவர் வாசலில் செங்கல் அடுப்பு மூட்டி எல்லோருக்கும் ஒரே அண்டாவில் கஞ்சி வைத்தார், உப்பை மறந்துவிட்டார். ஐந்தாம் நாள் மின்சாரம் வந்தது. எல்லோரும் கை தட்டினோம். ஒருவர் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். அடுத்த நாள் மூடியைப் பழையபடி மூடிச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். நான் உள்பட ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அன்று வரிசையில் நின்றவர்களில் தையல்காரர் வீடும் நானும்தான் இப்போது மிச்சம்.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று. எட்டு ஆண்டுகளாக மோட்டாரை நானே போட்டு நானே அணைத்தது தொண்டு உள்ளத்தால் என்று நினைத்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு பேர் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். அது பழைய மோட்டார், உங்களுக்குப் பிடிபடாது என்று தட்டிக்கழித்தேன். காலையில் எழுந்திருக்க எனக்கு வேறு காரணம் இல்லை. அந்த முக்கால் மணி நேரம் முற்றத்தில் நிற்கலாம். அந்த நேரத்தில் எட்டுப் போர்ஷனின் மூச்சும் கேட்கும். இரவு ஒன்றரைக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஆறிப்போன பரோட்டாவைத் தின்றுவிட்டு அந்தக் காகிதத்தைச் சத்தமில்லாமல் மடிக்கிற பிள்ளை யாரென்று எனக்குத் தெரியும். அந்தக் காகிதம் காலையில் படியோரம் இருக்கும். நர்சிங் பெண்களில் ஒருத்தி ஊருக்குப் பேசும்போது மட்டும் குரலை உயர்த்திச் சிரிப்பாள், வைத்ததும் மூக்கை உறிஞ்சுவாள். ரேழி அறையில் தனியாக இருக்கும் கணக்காளர் ஐயா வீட்டு வாசலில் பால் பாக்கெட் சில நாட்கள் பத்து மணி வரை கிடக்கிறது. இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கிணற்றடிக் கிழவிகளைப் போல் ஆகிவிடுவேனோ என்ற பயம். பயத்திலேயே எட்டு ஆண்டுகள் போய்விட்டன.

தனிமை வயதானவர்களின் வியாதி என்று நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கையில் உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்கிறது. அதனோடு தொடர்புள்ள மரணங்கள் மணிக்குச் சுமார் 100 என்றும், 13 முதல் 29 வயது வரை உள்ளவர்களிடம் இந்தத் தனிமை உணர்வு கூடுதலாகவே இருக்கிறது என்றும் சொல்கிறது. மருமகன் செல்போனில் காட்டினார். பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் இதற்கென்று ஓர் அமைச்சரையே பொறுப்பில் வைத்தனவாம். நமக்கு அமைச்சர் வரும்வரை அரை எச்.பி. மோட்டார் இருக்கிறது. 2020-ல் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்று மாநகராட்சி நம் வாசலில் தாள் ஒட்டியது சிலருக்கு நினைவிருக்கும். இரண்டு வாரத்தில் தாளைக் கிழித்துவிட்டார்கள். அதன் பசைத் தடம் இன்னும் கதவில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

பொறியாளர் தம்பி குழுவில் ஒரு நல்ல கேள்வி கேட்டிருந்தார். கருவி இருந்திருந்தால் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானே நின்றிருக்கும், அம்மாவின் குரல் இன்னும் சீக்கிரம் கேட்டிருக்குமே என்று. தம்பி, உங்கள் வாதம் சரியானது, அதனால்தான் இரண்டு நாள் யோசித்தேன். மோட்டார் நின்ற பிறகும் என் குரல் முதல் மாடிக்கு எட்டவில்லை. ஏதோ கேட்டது, டிவி என்று நினைத்தேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? குரலைக் கேட்டவர் சுவிட்ச் அருகில் நின்றவர். கருவி வந்தால் சுவிட்ச் அருகில் யாரும் நிற்க மாட்டார்கள். அடுத்த முறை விழப்போவது நானாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. குளியலறைத் தரை எட்டு வீட்டிலும் ஒரே வழவழப்பு ஓடுதான். ஒரே நாளில் பதித்தார்கள்.

உங்களிடம் பாசம் கேட்கவில்லை. பாசத்தை யாரிடமும் கேட்டு வாங்க முடியாது. நான் கேட்பது முறை. இதே திருவல்லிக்கேணியில் 1904-ல் அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து அரிசி பருப்பை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். டி.யு.சி.எஸ். என்று இன்றும் நாம் சொல்கிறோமே, அதுதான். அந்த மனிதர்கள் ஒருவரை ஒருவர் நேசித்தார்களா என்று எனக்குத் தெரியாது. எடை சரியாக இருக்கிறதா என்று சேர்ந்து பார்த்தார்கள், அது நிச்சயம். நூற்று இருபது ஆண்டு தாண்டி நிற்கிறது.

எட்டு வீட்டுக்கும் ஒரு நாள் வீதம் முறை போட்டு, நூலில் கட்டி, சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு தாள் தொங்கவிட்டிருக்கிறேன். எட்டு நாள் சுற்று என்பதால் யாருக்கும் ஒரே கிழமை திரும்பத் திரும்ப வராது. இரவு வேலை முடித்து வருபவர்களுக்கு நாள் மாற்றிக்கொள்ளலாம், அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். குழுவில் போடாதீர்கள். மோட்டார் ஓடும் நேரத்தில் முற்றத்தில்தான் நிற்க வேண்டும் என்பதில்லை, நின்றால் நல்லது. அணைத்த பிறகு போகிற வழியில் எட்டு வாசலையும் ஒரு கண் பார்த்துவிட்டுப் போகவும். பால் பாக்கெட்டோ பேப்பரோ பத்து மணிக்கு மேலும் கிடந்தால் கதவைத் தட்டுங்கள். உள்ளேயிருந்து “என்ன?” என்று எரிச்சலாகக் குரல் வந்தால் போதும், திரும்பிவிடலாம். அந்த எரிச்சல்தான் நமக்கு வேண்டியது.

கேட்கக்கூடாதவையும் உண்டு, தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். என்ன ஆட்கள் என்று கேட்கக்கூடாது. சம்பளம் கேட்கக்கூடாது. ஏன் கல்யாணம் ஆகவில்லை, ஏன் குழந்தை இல்லை, அவர் ஏன் வருவதில்லை, இவர் ஏன் போய்விட்டார் என்று எதுவும் கூடாது. என்ன குழம்பு என்று கேட்கலாம், வாசனை வந்தபின் கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம். பெருங்காயம் அதிகம் என்று சொல்ல எனக்கு மட்டும் அனுமதி வேண்டும்.

வீட்டுக்காரருக்கும் இதன் நகல் ஒன்று போகிறது. ஐயா, போர்ஷனுக்குத் தனித்தனி மோட்டார் வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், வேண்டாம். அந்தப் பணத்தில் எட்டுக் குளியலறைக்கும் சொரசொரப்பான ஓடும், மாடிப்படி இரண்டாம் திருப்பத்தில் ஒரு விளக்கும் போட்டுத் தாருங்கள். கிணற்று மூடியின் சிமெண்டை உடைத்து ஒரு கொக்கி வைத்தாலும் சந்தோஷப்படுவேன். மழைக்காலம் வருகிறது.

குழுவில் நீங்கள் சேர்த்த 400 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. ராட்டினத்துக்கு ஒரு நல்ல கயிறு வாங்கிவைக்கலாம். மிச்சத்துக்கு மீட்டர் பலகை மேல் ஒரு கடிகாரம்.

முதல் முறை வரும் திங்கட்கிழமை, டெலிவரித் தம்பியுடையது. ஆறு மணிக்கு வாருங்கள் தம்பி, நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பச்சைப் பொத்தான் முதல் அழுத்தலில் பிடிக்காது. கட்டைவிரலால் மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடித்து விடவேண்டும். கரகரவென்றால் காற்று அடைத்திருக்கிறது என்று பொருள். உடனே அணைத்துவிட்டு மேலே இருக்கும் மூடியைத் திருகி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றவும். சொம்பு என் வாசலில் இருக்கிறது. பைக்கை மட்டும் தூம்புக்குக் கீழே நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
பின்கட்டுப் போர்ஷன்
(பெயர் பால் கார்டில் எழுதியிருக்கிறது, முறைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்)